ஒரே லாரி, ஓட்டுபவரே முதலாளி: வாளையார் பாதையில் ஒரு நிகழ்வு ஆய்வு

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறையைச் சுற்றியுள்ள ஊர்களில் தமிழ் பேசும் குடும்பங்கள் அதிகம். அங்கே சொந்தமாக ஒரே ஒரு லாரி வைத்து, அதைத் தானே ஓட்டிப் பிழைக்கும் ஒருவரின் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு அனுபவம் இது. சின்ன லாரிக்காரர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. அந்த வகையில் இவருடைய சீட்டுகள், பில்கள், வங்கிப் புத்தகம் எல்லாம் என் கை வழியாகப் போனவை. அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆட்களின் பெயரும் நிறுவனங்களின் பெயரும் இல்லை. தொகைகளைக் கொஞ்சம் முழு எண்ணாக்கியிருக்கிறேன்.

ஆளும் வண்டியும்

வயது நாற்பத்தைந்தை ஒட்டி. பதினைந்து வருடத்துக்கு மேல் பிறத்தியார் வண்டியில் சம்பளத்துக்கு ஓடியவர். நாசிக் வெங்காயம், பெல்லாரி இரும்பு, கொச்சி உரம் என்று ஓடாத லைன் இல்லை. கோவிட் முடிந்து ஓட்டம் திரும்பிய நேரத்தில், 2017 மாடல் பத்து சக்கர லாரி ஒன்றைப் பழைய வண்டியாக, ஃபைனான்ஸ் போட்டு வாங்கினார். மாதத் தவணை 31,000 ரூபாய். கையிலிருந்து போட்ட பணத்தில் பாதி மனைவியின் நகையை அடகு வைத்தது.

வீட்டில் மனைவி, பிளஸ் டூ படிக்கும் மகன், வயதான அம்மா. கிளீனர் கிடையாது. இந்த லைனில் இப்போது பெரும்பாலோர் தனியாகத்தான் ஓடுகிறார்கள். கிளீனருக்குக் கொடுக்கும் சம்பளத்தில் தேய்ந்த டயருக்கு ரீட்ரெட் (புது ரப்பர்) போட்டுவிடலாம் என்பது அவர் கணக்கு. ஆனால் கயிறு இழுப்பது, தார்பாய் கட்டுவது, ராத்திரி வண்டிக்குக் காவல் இருப்பது, ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று பார்ப்பது ஆகிய நான்கு வேலைக்கும் அவரே ஆள்.

இதில் ஒரு விவரம் முக்கியம். 2018 ஆகஸ்டில் மத்திய அரசு லாரிகளின் அனுமதி எடையை உயர்த்தியது. மூன்று அச்சு கொண்ட பத்து சக்கர வண்டிக்கு மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன் ஆனது. இவருடைய வண்டியின் ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) பழைய 25 டன்தான் இருக்கிறது. வெறும் வண்டி ஒன்பது டன். ஆக, ஏற்றக்கூடியது 16 டன். லோடு பிடித்துக் கொடுக்கும் புக்கிங் ஆபீஸ் வாசலில் இவருக்குப் பக்கத்தில் நிற்கும் புதிய வண்டி 19 டன் ஏற்றும். வாடகை டன் கணக்கில்தான் பேசப்படுகிறது. டீசல் இருவருக்கும் ஒன்று, டோலும் ஒன்று. வண்டி வாங்கும்போது இன்ஜின் சத்தம், சேசிஸ், டயர் எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தவர், இந்த மூன்று டன் வித்தியாசத்தைப் பார்க்கவில்லை. விற்றவருக்கு அது நன்றாகவே தெரிந்திருக்கும் என்பது என் ஊகம்.

ஓட்டம்

வழக்கமான சுற்று இது: காங்கேயம் பக்கத்து அரிசி ஆலையில் மூட்டை ஏற்றி, பொள்ளாச்சி, பாலக்காடு, திருச்சூர், அங்கமாலி வழியாகப் பெரும்பாவூர் வட்டாரத்தில் இறக்குவது. அங்கே பிளைவுட் தொழிற்சாலைகள் நிறைய. ரிட்டர்ன் லோடாகப் பிளைவுட் பிடித்து, என்.எச்.544இல் எல்லை ஊரான வாளையார் வழியாகக் கோயமுத்தூரில் இறக்கி, காலியாகக் காங்கேயம் திரும்புவது. மொத்தம் 480 கிலோமீட்டர் அளவுக்கு வரும்.

பாலக்காட்டுக்கும் திருச்சூருக்கும் நடுவில் குதிரான் மலையை ஏறிக் கடந்த காலத்தில் இந்தப் பாதை வேறு மாதிரி. ஏற்றத்தில் ஒரு வண்டி படுத்தால் இரண்டு பக்கமும் மணிக்கணக்கில் வரிசை நிற்கும். 2021 ஜூலையில் மலையைக் குடைந்த முதல் சுரங்கப்பாதையும், 2022 ஜனவரியில் இரண்டாவதும் திறந்த பிறகு அந்தத் தலைவலி போனது. பதிலுக்குப் பன்னியங்கரையில் ஒரு டோல் வந்தது. ஜி.எஸ்.டி. வந்த 2017 ஜூலைக்குப் பிறகு வாளையாரில் வணிகவரிக்காகக் காத்துக் கிடப்பதும் இல்லை. ஆக, ஓடுகிற நேரம் குறைந்திருக்கிறது. இவர் சம்பளத்துக்கு ஓடிய காலத்தில் ஒரு ராத்திரி முழுக்க ஆன தூரம் இப்போது ஐந்து ஆறு மணி நேரம்தான். இருந்தும் மாதச் சுற்றுகளின் எண்ணிக்கை கூடவில்லை. முதல் முறை என்னிடம் வந்தபோது அவர் கேட்ட கேள்வியே இதுதான்: "ரோடு நல்லாயிருச்சுங்கண்ணா, அப்புறம் ஏன் பணம் மட்டும் நிக்க மாட்டேங்குது?"

அப்போது இரண்டு தவணை பாக்கி விழுந்திருந்தது. ஃபைனான்ஸ்காரர்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்திருந்தார்கள்.

கணக்கில் பார்த்தது

அவரிடம் கணக்கு என்று எதுவும் இல்லை. சட்டைப் பையில் வருவது, சட்டைப் பையிலிருந்து போவது. பழைய டீசல் சீட்டு, ஃபாஸ்டேக் விவரம், புக்கிங் ஆபீஸ் சீட்டு எல்லாவற்றையும் பரப்பி வைத்து ஒரு சுற்றின் கணக்கைப் போட்டோம்.

அரிசிக்கு 16 டன், டன்னுக்கு 1,150 என்றால் 18,400. பிளைவுட் ரிட்டர்னுக்கு வண்டிக் கணக்கில் 11,000 வரை. மொத்தம் 29,000க்குக் கொஞ்சம் மேல். செலவில் டீசல் மட்டும் பன்னிரண்டாயிரத்தை ஒட்டி வரும், லிட்டருக்கு நாலு கிலோமீட்டர்கூடக் கிடைக்காத வண்டி. கேரளத்தைவிடத் தமிழ்நாட்டு பங்கில் லிட்டருக்கு இரண்டு மூன்று ரூபாய் குறைவு என்பதால் தமிழ்நாட்டிலேயே டேங்கை நிரப்பிக்கொள்வார். டோல் மூவாயிரத்தைத் தொடும். அப்புறம் புரோக்கர் கமிஷன், ஏற்று இறக்கு இடங்களில் கொடுப்பது, சாப்பாடு, வண்டி கழுவல், பஞ்சர். கையில் நிற்பது சுமார் 10,500.

இனி மாதம் எப்படியும் போகிற செலவு. தவணை 31,000. காப்பீட்டில் மூன்றாம் நபர் பகுதிக்கு மட்டும் 2022 ஜூனில் வந்த கட்டணப்படி, 20 முதல் 40 டன் வரையிலான சரக்கு வண்டிக்கு ஆண்டுக்கு 43,950 ரூபாய், வரி தனி. நேஷனல் பெர்மிட்டுக்கு ஆண்டுக்கு 16,500. காலாண்டு வரி, எஃப்.சி. (தகுதிச் சான்று), டயர், கிரீஸ், பிரேக் லைனர் எல்லாம் சேர்த்து மாதத்துக்குப் பிரித்தால் எப்படிக் குறைத்தாலும் 50,000.

எட்டு சுற்று ஓடினால் 84,000 வந்து, 34,000 அவர் வீட்டுக்கு. ஆறு சுற்று என்றால் 63,000 வந்து, 13,000. அவர் ஆறுதான் ஓடிக்கொண்டிருந்தார். சில மாதம் ஐந்தரை. அதே வண்டியைச் சம்பளத்துக்கு ஓட்டும் டிரைவர் இருபத்தைந்தாயிரத்துக்குக் குறைந்து வண்டியில் ஏற மாட்டார். முதலாளியாக இருந்துகொண்டு அதில் பாதிதான் இவர் எடுத்தார்.

வருமான வரிச் சட்டத்தையும் இங்கே சொல்லிவிடலாம். பத்து வண்டிக்குள் வைத்திருப்பவர், 12 டன்னுக்கு மேற்பட்ட வண்டி என்றால், மொத்த எடையில் டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய் வருமானம் என்று காட்டிக் கணக்குப் புத்தகம் இல்லாமலே முடித்துக்கொள்ளலாம். இவருக்கு அது மாதம் 25,000. வண்டி ஓடினாலும் நின்றாலும் அதே 25,000. வசதியான ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் புத்தகம் தேவையில்லை என்று சட்டம் சொன்னதை, கணக்கே தேவையில்லை என்று எடுத்துக்கொண்டவர்கள் இந்த லைனில் நிறைய. எட்டுக்கும் ஆறுக்கும் உள்ள இடைவெளி அப்படித்தான் கண்ணில் படாமல் போகிறது.

அந்த இரண்டு சுற்று எங்கே போகிறது? ஒரு மாதத்துக்கு, வண்டி நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் வந்த நேரம், கிளம்பிய நேரம் இரண்டையும் செல்போனில் போட்டோ எடுக்கச் சொன்னேன். கேட், எடை மேடை, குடோன் வாசல் எல்லாம். மூன்று நாளில் முடிய வேண்டிய சுற்று நாலரை நாள் ஆகிக்கொண்டிருந்தது. சாலையில் போனது அதில் ஒரு நாளுக்கும் குறைவு. மிச்சமெல்லாம் நிற்பு. ஆலையில் லோடு தயாராகாமல் அரை நாள். பெரும்பாவூர் குடோனில் இடமில்லாமல் ஒரு நாள். ரிட்டர்ன் லோடுக்காகப் புக்கிங் ஆபீஸ் பக்கத்தில் ஒன்று, ஒன்றரை நாள். நடுவில் ஞாயிறு வந்தால் அது தனி. ஹர்த்தால் வந்தால் அதுவும் தனி.

கேரளத்தில் இறக்குவது தாமதமானால் நம் பக்கத்து டிரைவர்கள் உடனே சுமைத் தொழிலாளர் சங்கத்தைத்தான் குறை சொல்வார்கள். வேலை செய்யாமல் பார்த்துக்கொண்டு நின்றதற்கு வாங்கும் நோக்குகூலி 2018 மே 1 முதல் அங்கே தடை. இறக்கு கூலிக்கு மேல் வண்டிக்காரரிடம் கேட்கும் அட்டிக்கூலி இன்னும் சில இடங்களில் இருக்கிறது, அது சச்சரவாகவும் ஆகிறது. ஆனால் இவர் எடுத்த போட்டோக்களில் தெரிந்தது வேறு. ஆட்கள் கை வைத்தால் 16 டன் அரிசி மூன்று மணி நேரத்தில் இறங்கிவிடுகிறது. கை வைக்கும் முன்னால் குடோன் முதலாளி இடம் ஒழிக்கும் வரை வண்டிதான் அவருக்கு இலவசக் கிடங்கு. அந்தக் காத்திருப்புக்கு யாரும் ஒரு பைசா கொடுப்பதில்லை, இவரும் கேட்டதில்லை.

இந்த நஷ்டத்தை அவர் ஈடுகட்டிய வழி, கூடுதல் பாரம். மூன்று டன் அதிகம் ஏற்றினால் 3,450 ரூபாய் கூடுதல். எட்டுச் சுற்றுக்குக் கிட்டத்தட்ட ஒரு தவணைக்குப் பக்கம். புக்கிங் ஆபீசும் "எல்லாரும் பத்தொன்பது ஏத்தறாங்க, நீங்க மட்டும் என்னங்க" என்று கேட்கும். 2019 செப்டம்பரில் அமலுக்கு வந்த திருத்தச் சட்டத்தில் கூடுதல் பாரத்துக்கு 20,000 ரூபாயும், அதிகப்படியான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் என்று இருக்கிறது. முன்பு இது 2,000மும் டன்னுக்கு 1,000மும்தான். அதிகப் பாரத்தை இறக்காமல் வண்டியை எடுக்கவும் முடியாது. அபராதத்தில் அவர் மாட்டவில்லை. கிளட்ச் பிளேட் மாட்டியது.

வடக்கஞ்சேரி

துலா மாத மழைக்காலம். வெள்ளிக்கிழமை மாலை பெரும்பாவூர் பக்கம் பிளைவுட் ஏற்றி முடிந்தது. சரக்கின் மதிப்பு ஏழரை லட்சம், 18 சதவீத வரி 1,35,000. சரக்கு அனுப்பும் கம்பெனியின் கணக்கர் மாலை ஏழு மணிக்கு, சரக்கோடு போக வேண்டிய ஜி.எஸ்.டி. மின்னணுச் சீட்டான இ-வே பில் போட்டார். கோயமுத்தூருக்கு 170 கிலோமீட்டர். 2021 ஜனவரி முதல் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற விதிப்படி, அந்தப் பில் சனிக்கிழமை நள்ளிரவு வரை செல்லும். சாதாரணமாக இது தாராளம்.

ஆனால் வாடகை அட்வான்ஸ் சனிக்கிழமை மதியம்தான் கைக்கு வந்தது. அட்வான்ஸ் வாங்காமல் கிளம்பினால் டீசலுக்கும் டோலுக்கும் கையிலிருந்து போட வேண்டும், கையில் இல்லை. மதியம் கிளம்பி, குதிரான் சுரங்கப்பாதையைத் தாண்டும்போதே கிளட்ச் வழுக்கியது. இன்ஜின் கத்துகிறது, வண்டி இழுக்கவில்லை. வடக்கஞ்சேரி மேம்பாலத்துக்கு முன்னால் முழுவதும் விட்டுவிட்டது. பின்னால் வந்த நாமக்கல் வண்டி ஒன்று சங்கிலி போட்டுச் சர்வீஸ் ரோட்டுக்கு இழுத்து விட்டுப் போனது.

பட்டறை மெக்கானிக் வந்து பார்த்தபோது மாலை ஆறு. பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் மாற்ற வேண்டும். அந்த மாடலுக்கு அங்கே சாமான் இல்லை. மறுநாள் ஞாயிறு. கோயமுத்தூரில் பழக்கமான கடைக்காரர் ஒருவர் வீட்டிலிருந்து வந்து கடை திறந்து, காலை பஸ்ஸில் பார்சல் போட ஒப்புக்கொண்டார்.

அவர் முன்னால் அப்போது மூன்று வழி இருந்தது.

முதலாவது, வேறு வண்டியில் மாற்றி ஏற்றுவது. பில்லில் வண்டி எண்ணை மாற்றிவிட்டால் சட்டப்படி சரி. ஆனால் ராத்திரி மழையில் பிளைவுட்டை நடுரோட்டில் மாற்றினால் ஓரம் நனைந்து ஊதிவிடும். ஏற்று கூலி, இறக்கு கூலி இரண்டும் இவர் தலையில். வாடகையும் அந்த வண்டிக்குப் போகும்.

இரண்டாவது, புரோக்கர் சொன்ன யோசனை. பிளேட் வந்தவுடன் மாட்டி, ஞாயிற்றுக்கிழமையே ஓட்டிவிடுவது. "ஞாயித்துக்கிழமை யாரும் செக் பண்ண மாட்டாங்க." பில் காலாவதியானது பற்றி அவர் கவலைப்படவில்லை. கவலைப்பட அவருக்குக் காரணமும் இல்லை, பிடித்தால் நிற்பது வண்டியும் சரக்கும்தான்.

மூன்றாவது, நின்று பில்லை நீட்டித்து வாங்கி, பிறகு கிளம்புவது.

இரவு ஒன்பதரைக்கு என்னை அழைத்தார். "அண்ணா, பில்லு பன்னெண்டு மணியோட முடியுதுங்களே, என்ன பண்றது?" நான் சொன்னது இரண்டே விஷயம். காலாவதியான பில்லோடு ஓடும் வண்டியைப் பிடித்தால், 2022 ஜனவரிக்குப் பிறகு, சரக்கின் சொந்தக்காரர் முன்வந்தாலும் வரியைப் போல் இரண்டு மடங்கு அபராதம். இந்தச் சரக்குக்கு 2,70,000. அவருடைய வாடகை 11,000. இரண்டாவது, காலாவதியாவதற்கு எட்டு மணி நேரம் முன்பிருந்து, காலாவதியான பின் எட்டு மணி நேரம் வரை பில்லை நீட்டிக்க இடமுண்டு. அதாவது ஞாயிறு காலை எட்டு மணிக்குள். நீட்டிப்பதை இவர் செய்ய முடியாது. பில்லில் டிரான்ஸ்போர்ட்டர் என்று யாரும் குறிக்கப்படவில்லை, அதனால் பில் போட்ட கம்பெனிதான் செய்ய வேண்டும்.

கம்பெனி எண் அடிக்கிறது, எடுப்பவர் இல்லை. கணக்கரின் சொந்த எண் இவரிடம் இல்லை. புரோக்கரிடம் இருந்தும், பத்து மணிக்கு மேல் புரோக்கர் எடுக்கவில்லை. கடைசியில் அந்தத் தொழிற்சாலையின் வாட்ச்மேன் மூலம் எண் கிடைத்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. அந்த நேரத்தில் அழைத்துக் கோபப்படுத்த வேண்டாம் என்று, விடிகாலைக்கு அலாரம் வைத்துவிட்டு கேபினில் படுத்திருக்கிறார். தூங்கவில்லை. தார்பாயில் ஒரு இடத்தில் கிழிசல். அதன்மேல் பழைய தார்பாயை விரித்து மழையில் இரண்டு முறை கயிறை இறுக்கினார். டீசல் டேங்க் பக்கம் யாரோ நடமாடியதால் கேபின் விளக்கைப் போட்டே வைத்திருந்தார்.

காலை ஆறரைக்கு கணக்கர் போனை எடுத்தார். சர்ச்சில் ஞாயிறு குர்பானாவுக்கு (திருப்பலிக்கு) கிளம்பிக்கொண்டிருந்தவர். இவர் மலையாளத்தில், "சாரே, வண்டி பிரேக்டவுன், எட்டு மணிக்குள் பில் நீட்டித் தரணும்" என்று சொல்லி, வண்டி, கழற்றிய பிளேட், பட்டறை மூன்றின் போட்டோவையும் அனுப்பினார். அந்த மனிதர் வீட்டிலிருந்த லேப்டாப்பிலேயே, வண்டி நிற்கும் இடத்தின் பின்கோடும் மீதமுள்ள தூரமும் போட்டு, ஏழே கால் மணிக்கு நீட்டித்துக் கொடுத்துவிட்டுத்தான் சர்ச்சுக்குப் போனார். புதிய கெடு திங்கள் நள்ளிரவு.

மதியம் சாமான் வந்தது. ராத்திரி மாட்டி முடித்தார்கள். கூலியோடு இருபதாயிரத்துக்கு மேல். உடனே கிளம்பச் சொல்லி புரோக்கரிடமிருந்து அழைப்பு. இவர் போகவில்லை. இரண்டு ராத்திரி கண் மூடாதவர், நாலு மணி நேரம் தூங்கிவிட்டு விடிகாலை எடுத்தார். கஞ்சிக்கோடு தாண்டி, வாளையாருக்கு முன்னால் ஜி.எஸ்.டி. பறக்கும் படை வண்டியை ஓரம் கட்டச் சொன்னது. பில்லைப் பார்த்து, வண்டி எண்ணைப் பார்த்து, ஐந்து நிமிடத்தில் விட்டார்கள்.

சரக்கு வாங்கியவர் தாமதத்துக்கு 2,000 ரூபாய் பிடித்தார். புரோக்கர் மீதி வாடகையை ஏழு வாரம் கழித்துக் கொடுத்தார்.

எடுத்த முடிவுகள்

அந்த வார இறுதியில் வண்டியை விற்றுவிடலாமா என்ற பேச்சு வீட்டில் எழுந்தது. மனைவிக்கு அதுதான் விருப்பம். விசாரித்ததில் வண்டிக்குக் கிடைக்கும் விலையும் ஃபைனான்ஸ் பாக்கியும் ஏறக்குறைய சமம். விற்றால் கையில் எதுவும் மிஞ்சாது, அடகு நகையும் திரும்பாது. மாதம் எட்டு சுற்று வந்தால் தாங்கும் என்று கணக்கு சொன்னதால், ஆறு மாதம் பார்ப்பது என்று முடிவானது. பாக்கித் தவணையைக் கட்ட இன்னொரு நகை வங்கிக்குப் போனது. இதை நான் ஆதரிக்கவில்லை. தவணையை மாற்றி அமைக்கக் கேட்டுப் பார்த்துவிட்டு நகையைத் தொடலாம் என்றேன். ஃபைனான்ஸ் ஆபீசில் போய் நிற்க அவருக்கு மனமில்லை.

கணக்கு மனைவியின் கைக்குப் போனது. ஒரு நோட்டில் வண்டிக்கு ஒரு பக்கம், டிரைவருக்கு ஒரு பக்கம். வண்டி தன் டிரைவருக்கு நாளுக்கு 1,000 ரூபாய் கூலி கொடுக்கிறது என்று எழுத வேண்டும், அந்த டிரைவர் அவரே என்றாலும். முதல் மாதம் அவருக்கு இது விளையாட்டாகப் பட்டது. அரிசி ஆலையில் வாடகை குறைக்கக் கேட்டபோது, "இதுல என் கூலியே வராதுங்க" என்று நோட்டைக் காட்டிச் சொல்ல முடிந்தது. அதுவரை "கட்டுபடியாகாது" என்று மட்டும்தான் சொல்லத் தெரியும்.

16 டன்னுக்கு மேல் ஏற்றுவதை நிறுத்தினார். இதற்கு மாற்று இல்லாமல் நிறுத்தியிருந்தால் அடுத்த மாதமே மறுபடி ஏற்றியிருப்பார். ஆலையில், பாதி ஓரிடத்தில் பாதி இன்னோரிடத்தில் இறக்கும் லோடுகளுக்கு வண்டி கிடைப்பது சிரமம். பன்னிரண்டு சக்கர, பதினாலு சக்கர வண்டிகள் சின்ன ஊர்க் கடைவீதிக்குள் போகாது, போனால் திருப்ப முடியாது. அந்த லோடுகளை டன் கணக்கில் இல்லாமல் வண்டிக் கணக்கில் 19,500க்குப் பேசிக்கொண்டார். பழைய வண்டியின் குறையே அங்கே வசதியானது.

நிற்புக் கூலிக்கு ஒரு விதி: சேர்ந்த நாளும் மறுநாளும் இலவசம், அதற்கு மேல் நாளுக்கு 1,500. ஆலை ஒப்புக்கொண்டது. பணம் வரும் என்பதைவிட, ஆலைக்காரர் அந்தப் பணத்தைக் குடோன்காரரிடம் கேட்க வேண்டியிருந்ததால், வண்டி போய்ச் சேரும் முன்பே இடம் ஒழிந்தது. பிளைவுட் பக்கம் யாரும் ஒப்பவில்லை. புரோக்கர் சிரித்தே விட்டார்.

ரிட்டர்னுக்கு ஒரு வரம்பு போட்டோம். லோடுக்கு ஒரு நாள் வரை காத்திருக்கலாம், அதற்கு மேல் காலியாகத் திரும்பிவிட வேண்டும். மூன்று நாள் சுற்றில் 10,500 நிற்கிறதென்றால் ஒரு நாளின் மதிப்பு 3,500. ரிட்டர்னில் கமிஷன், கூடுதல் டீசல், இறக்கும் செலவு போக நிற்பது எட்டாயிரம் சொச்சம். இரண்டு நாள் காத்திருந்து, இறக்க இன்னொரு நாளும் போனால், காலியாக வந்ததே லாபம். காலி வண்டியோடு வாளையாரைத் தாண்டுவதை இந்த லைனில் அவமானமாகவே நினைக்கிறார்கள். இவருக்கும் அது எளிதாக இல்லை.

பிறகு சில்லறை விஷயங்கள். கிளம்பும் முன் பில்லில் வண்டி எண்ணை எழுத்துக்கு எழுத்து சரிபார்ப்பது. ஓரிரு எழுத்தோ எண்ணோ மாறியிருந்தால் மொத்தம் 1,000 ரூபாய் அபராதத்தோடு விட வேண்டும் என்று 2018 செப்டம்பர் சுற்றறிக்கை இருக்கிறது என்றாலும், அதை ரோட்டில் நின்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது. பில் போட்டவரின் சொந்த எண்ணை வாங்கி வைப்பது. பத்து வண்டிக்குள் வைத்திருப்பவர் என்ற உறுதிமொழிச் சீட்டைப் பான் எண்ணோடு ஆலையில் கொடுத்து, வாடகையில் வரி பிடிப்பதை நிறுத்தியது. இரவு பன்னிரண்டு முதல் நாலு வரை ஓட்டுவதில்லை என்று மனைவி போட்ட நிபந்தனை. இதை அவர் பெரும்பாலும் காப்பாற்றுகிறார். முழுக்க என்று சொல்ல மாட்டேன்.

ஓராண்டில் நடந்தது

சுற்று எட்டைத் தொட்ட மாதங்கள் குறைவு. பெரும்பாலும் ஏழு. ஓணத்துக்கு முந்தைய மாதம் மட்டும் ஒன்பது, அந்த நேரத்தில் கேரளத்துக்கு அரிசி ஓயாமல் போகும். வீட்டுக்கு வருவது சராசரியாக இருபத்தைந்தாயிரத்தை எட்டியிருக்கிறது, சம்பளத்துக்கு ஓடும் டிரைவர் வாங்குவதற்குச் சமமாக. முதலாளிக்கென்று தனியாக இன்னும் எதுவும் வரவில்லை.

தவணை பாக்கி ஐந்தாவது மாதத்தில் தீர்ந்தது. இரண்டாவதாக வைத்த நகை திரும்பியது. வண்டி வாங்க வைத்த முதல் நகை இன்னும் வங்கியில். பின் டயர்கள் முன்பைவிடக் கூடுதல் நாள் உழைத்திருக்கின்றன. அடிக்கடி மாற்றிய பிரேக் லைனரை இந்த வருடம் ஒரே முறைதான் மாற்றினார்.

நஷ்டமும் உண்டு. புரோக்கர் அழைப்பதை நிறுத்திவிட்டார். பெரும்பாவூரில் புதிதாக இரண்டு மூன்று பேரைப் பிடிக்க வேண்டியிருந்தது, அதுவரை காலியாகத் திரும்பியது பல தடவை. ஆலையில் ஆள் மாறி, புது மேலாளர் நிற்புக் கூலியை ஒரு முறை தர மறுத்தார். நேரத்தோடு கூடிய கேட் போட்டோக்களை மனைவி அனுப்பிய பிறகு பாதி வந்தது. சர்க்கரை அளவு கூடியிருப்பது எஃப்.சி.க்கு வண்டி நின்ற வாரத்தில் பார்த்த டாக்டர் மூலம் தெரிந்தது. வண்டிக்குச் செலவு எழுதும் நோட்டில் அந்த மாத்திரைக்கு எந்தப் பக்கம் என்று மனைவி என்னிடம் கேட்டார். டிரைவர் பக்கம் என்றேன்.

மறுபடி இப்படி ஒன்று வந்தால்

வடக்கஞ்சேரியில் வண்டி நின்றது மாலை ஐந்து மணி. எட்டு மணி நேர விதிப்படி நாலு மணியிலிருந்தே பில்லை நீட்டிக்கலாம். கணக்கர் அப்போது ஆபீசில் இருந்திருப்பார். மெக்கானிக்கை அழைக்கும் முன்பு பில் போட்டவரை அழைப்பது என்று இப்போது வரிசையை மாற்றிவிட்டார்.

அதைவிட முக்கியம், அட்வான்ஸ் வராமல் வண்டி கிளம்பாது என்றால், அட்வான்ஸ் வரும் வரை பில்லும் போடக்கூடாது. வெள்ளி மாலை பில் போட்டு, சனி மதியம் பணம் கொடுத்ததில் கெடுவின் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிட்டது. இதை இப்போது ஏற்றும் இடத்திலேயே சொல்லிவிடுகிறார். சிலர் கேட்கிறார்கள், சிலர் "அதெல்லாம் எங்க சிஸ்டம்" என்கிறார்கள்.

கிளட்ச் வழுக்கத் தொடங்கியது அந்தச் சனிக்கிழமை இல்லை, ஒரு மாதம் முன்பே. அப்போதே மாற்ற இருபதாயிரம் கையில் இல்லை. வண்டிக்கென்று சுற்றுக்கு 1,500 தனியாக எடுத்து வைக்கும் பழக்கம் அதற்குப் பிறகு வந்ததுதான். தவணை பாக்கி இருந்த மாதங்களில் அதிலும் கை வைத்தார்கள். இந்த நிதி இல்லாமல் பழைய வண்டியில் ஃபைனான்ஸ் எடுப்பவரை நான் இப்போது தடுத்தே பார்க்கிறேன்.

வண்டியே வாங்கும் நிலையில் யாராவது என்னிடம் கேட்டால், ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையை முதலில் பார்க்கச் சொல்வேன். 2018க்கு முந்தைய வண்டி மலிவாகக் கிடைப்பதற்கு அந்த எடையும் ஒரு காரணம். வண்டிக் கணக்கில் வாடகை பேசும் லோடு கையில் இருந்தால் அது நல்ல வண்டி. டன் கணக்கு லோடை நம்பித்தான் ஓட வேண்டும் என்றால் வேண்டாம்.

பிளைவுட் அனுப்பும் அந்தக் கம்பெனி சில வாரங்களுக்கு முன் புரோக்கர் இல்லாமல் நேரடியாக இவரை அழைத்தது. அன்று ஞாயிறு காலையில் பில்லை நீட்டித்த கணக்கர்தான் எண்ணைக் கொடுத்தாராம். வாடகை 11,500 என்கிறார்கள், கமிஷன் கிடையாது. இவர் நிற்புக் கூலி விதியை எழுதி அனுப்பியிருக்கிறார். இதுவரை பதில் வரவில்லை.